ஓசொன் பள்ளத்தாக்கில் வேறு கோளாறு இல்லை

என் பெயர் நாம்குங் சொக். வயது நாற்பத்தாறு. தந்தை பெயர் நாம்குங் இல், காலமாகிவிட்டார். கங்வொன் மாகாணம் தாம்னே டவுனில், பேருந்து நிலையத்துக்குப் பின்புறமுள்ள பழைய அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் மனைவியோடும் ஒரு மகளோடும் குடியிருக்கிறேன். ஓசொன் அணை நிர்வாகத்துக்காகத் தகவல் கம்பிகளையும் சைரன் கம்பங்களையும் பராமரிக்கும் ஒப்பந்தக் கம்பெனியில் தளப் பொறுப்பாளராக வேலை பார்க்கிறேன். என் பொறுப்பில் மூன்று பள்ளத்தாக்குகள் உள்ளன. இந்த வழக்கு சம்பந்தப்பட்டது ஓசொன் பள்ளத்தாக்கு.

இந்த வழக்கில் நான் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அது அரைப் பக்கம்கூட வராது. அதில் ஒரு பொய்யும் கிடையாது. அந்த அரைப் பக்கத்தை வைத்துத்தான் எங்கள் கம்பெனி ஊழியர் பியோ கி-தே என்பவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். ஆகவே இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்தேன். அதிகாரி அவர்கள் தொடக்கத்திலேயே, "சுருக்கமா சொல்லுங்க. ஆறு சைரன் செத்ததை அவர் உங்ககிட்ட சொன்னாரா, சொல்லலையா? அது தெரிஞ்சாப் போதும்" என்றார். சுருக்கமாகச் சொல்ல நான் வரவில்லை என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும்.

மேற்படி பியோ கி-தேவுக்கு வயது ஐம்பத்தெட்டு. பதவியில் எனக்குக் கீழே, வயதில் எனக்கு மேலே. நாலு பேர் முன்னால் என்னை 'சார்' என்பார், தனியாக இருந்தால் 'தம்பி'. நான் எப்போதும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். ஓசொன் பள்ளத்தாக்கில் பத்து சைரன் கம்பங்கள் இருக்கின்றன. முதல் கம்பம் அணையின் காலடியில், பத்தாவது கீழே சிமெண்டுப் பாலத்தருகே. அணையின் மதகைத் திறப்பதற்கு முன்னால் பத்தும் ஊளையிட வேண்டும். ஆற்றில் குளிப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், கூடாரம் போட்டிருப்பவர்கள் எல்லோரும் அதைக் கேட்டுக் கரையேறுவார்கள். அந்தப் பத்துக் கம்பங்களுக்கும் பியோ அண்ணன் ஒருவர்தான் ஆள்.

இறந்துபோன மெங் மால்-சுன் அம்மாளை எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தெரியும். ஒன்பதாவது கம்பத்துக்கு மேலே சாலையோரம் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். ஆற்று நத்தை சூப்புதான் அந்தக் கடையின் பெயரைக் காப்பாற்றியது. நத்தையைச் சந்தையில் வாங்க மாட்டார். கடையைச் சாத்திவிட்டுத் தானே ஆற்றில் இறங்கி, அடியில் கண்ணாடி வைத்த மரப்பெட்டியைத் தண்ணீரில் அழுத்தி, அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாறையிலிருந்து பொறுக்குவார். நான் 'சின்னம்மா' என்பேன், பியோ அண்ணன் 'அக்கா' என்பார். மேற்கில் மழை பெய்திருக்கிறது, ஆற்றில் இறங்காதீர்கள் என்று யாராவது சொன்னால் அவருடைய பதில் ஒன்றுதான்: "சைரன் கத்தட்டும், ஏறிக்கிறேன். அதுக்குத்தானடா உங்களுக்குச் சம்பளம்?" இதை அவர் என் முகத்துக்கு நேரேயே பலமுறை சொல்லியிருக்கிறார்.

கம்பங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று கேட்கப்பட்டதற்குச் சொல்கிறேன். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு ரவுட்டர் இருக்கிறது. தகவலுக்கு வழிகாட்டும் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளத்தாக்குக்குள் இருக்கும் பெட்டிகளுக்குள் ஒளிவுமறைவு கிடையாது. எனக்கு இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் அவன், இடையில் கம்பி நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொன்றும் தன் நிலையைச் சொல்ல, அடுத்தது அதை அப்படியே அடுத்ததுக்குக் கடத்த, கடைசியில் எல்லாப் பெட்டிகளின் கையிலும் ஒரே வரைபடம் இருக்கும். எங்காவது கம்பி அறுந்தால் அறுந்த இடத்தின் இரண்டு பக்கத்துப் பெட்டிகளும் உடனே கூச்சல் போடும், எல்லாம் வரைபடத்தைத் திருத்திக்கொள்ளும். தெருவில் ஒரு வீட்டில் சண்டை என்றால் தெரு முழுக்கத் தெரிவது மாதிரி.

ஆனால் இந்தக் கூச்சல் பள்ளத்தாக்கைத் தாண்டி வெளியே போகாது. அணையின் காலடியில், முதல் கம்பத்துக்குப் பக்கத்தில், எல்லைப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குச் சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, மறுபக்கம் நடுவிலுள்ள முதுகெலும்புப் பாதை. கட்டுப்பாட்டு அறை அந்த முதுகெலும்பில் இருக்கிறது. ஒரு பள்ளத்தாக்கு இன்னொரு பள்ளத்தாக்கோடு பேசுவதானாலும் முதுகெலும்பு வழியாகத்தான் போக வேண்டும். எல்லைப் பெட்டி தன் பள்ளத்தாக்கின் வரைபடத்தை முதுகெலும்புக்குக் கொடுக்காது. 'இன்னின்ன கம்பங்களுக்கு என் வழியாக வரலாம், இவ்வளவு தூரம்' என்று மட்டும் சொல்லும். அதையும் இன்னும் மடிக்கலாம். பத்துக் கம்பங்களையும் பத்து வரியாகச் சொல்லாமல், 'ஓசொன் பள்ளத்தாக்கு முழுவதும் என் வழியாக' என்று ஒரே வரியாகச் சொல்ல வைக்கலாம். அப்படி மடித்த பிறகு, பத்தில் ஒரே ஒரு கம்பம் உயிரோடு இருந்தாலும் எல்லைப் பெட்டி அந்த ஒரு வரியை மாற்றாது.

மற்ற ஒன்பதுக்குப் போகும் கட்டளை என்ன ஆகும் என்று கேட்கப்பட்டதற்கு: எல்லைப் பெட்டி வரை ஒழுங்காக வரும். அதற்கு மேல் வழி இல்லாததால், இதற்காகவே வைத்திருக்கும் ஒரு குழியில் பெட்டி அதைப் போட்டுவிடும். வழி இல்லை என்று அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்லும் வசதியும் உண்டு, அதை நாங்கள் அடைத்து வைத்திருந்தோம். பெட்டிக்கு உள்ளே எல்லாம் தெரியும், வெளியே சொல்லாது. ஊமை கண்ட கனவுதான். "அப்ப இது தப்பான அமைப்பா?" என்று அதிகாரி கேட்டார். இல்லை. உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள், செய்யாவிட்டால்தான் தப்பு என்று பாடமே இருக்கிறது. ஒரு பள்ளத்தாக்கில் இடி விழுந்தால் மாகாணம் முழுவதும் உள்ள பெட்டிகளுக்குத் தலை சுற்றக் கூடாது அல்லவா? அதற்காக.

ஓசொன் பள்ளத்தாக்கு மடிக்கப்பட்டது போன கோடையில். அப்போது தினமும் மாலையில் இடி. ஐந்தாவது கம்பத்துக் கம்பி போகும், வரும், போகும், வரும். ஒவ்வொரு முறையும் கட்டுப்பாட்டு அறைத் திரை சிவந்து சிவந்து அணைந்தது. அங்கே மேலாளர் பாங் ஜின்-குக் என்பவர். அவர் எனக்குப் போன் செய்து, "ஏம்ப்பா, உன் பள்ளத்தாக்கு வாந்தியெடுத்தா நாங்க எதுக்குத் தொடைக்கணும்? மடிச்சுக் குடு. எனக்கு ஒத்த வரி போதும்" என்றார். நான் பியோ அண்ணனிடம் சொன்னேன். அவர் சிகரெட்டை அணைத்துவிட்டு, "மடிச்சுட்டா நம்ம வலி அவங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்று கேட்டார். "நான் எதுக்கு இருக்கேன்? நான் சொல்லிக்கிறேன்" என்றேன். அன்றே எல்லைப் பெட்டியில் மடிக்கும் கட்டளையைப் போட்டேன். கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஓசொன் பள்ளத்தாக்குக்கு ஒரே ஒரு விளக்கு மிஞ்சியது. அந்த விளக்கு சோதிப்பது முதல் கம்பத்தை மட்டும்தான். முதல் கம்பம் எல்லைப் பெட்டியின் இடுப்பிலேயே நிற்கிறது, அது எங்கே சாகப்போகிறது? அதன் பிறகு அந்த விளக்கு எப்போதும் பச்சைதான்.

பியோ கி-தே ஏன் நேரடியாகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்யவில்லை என்று கேட்கப்பட்டதற்கு: செய்யக் கூடாது. இது ஊரறிந்த விஷயம், ஆனால் எழுத வேண்டும் என்பதால் சொல்கிறேன். அணை நிர்வாகத்தின் ஆள் ஒப்பந்தக் கம்பெனி ஊழியரிடம் நேரே பேசி வேலை வாங்கினால், தான் உண்மையில் அணை நிர்வாகத்தின் ஊழியன்தான் என்று அவன் நாளைக்கு வழக்குப் போட அது சாட்சியாகிவிடும். ஆகவே அவர்கள் இவர்களோடு பேசுவதில்லை. எதிரே வந்தாலும் தலையைக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் ஆட்கள் இருக்கும் போன் அரட்டை அறை ஒன்று, நிர்வாகத்தார் இருக்கும் அறை இன்னொன்று. இரண்டிலும் இருப்பது தளப் பொறுப்பாளர் மட்டும். அதாவது நான் மட்டும். கீழ் அறையில் ஒரு நாளைக்கு அறுபது எழுபது செய்தி வரும். நிர்வாகத்தார் இருக்கும் மேல் அறைக்கு ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரு வரி எழுதுவேன். பட்டாளத்தில் காவல் மாற்றும்போது சொல்கிற மாதிரி 'வேறு கோளாறு இல்லை' என்று முடிப்பேன். எங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் போகாத ஆண் யார்? எல்லோருக்கும் அந்த வாக்கியம்தான் வாய்க்கு வரும். பெரிய பழுது என்றால் அறையில் எழுதாதே, எனக்குப் போன் செய் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தேன். எழுத்தில் இருந்தால் நிர்வாகம் கம்பெனிக்கு அபராதம் போடும். ஆகவே அன்று பியோ அண்ணன் எதையும் எழுதவில்லை. எழுதாதே என்றவன் நான்.

சம்பவ நாள் சனிக்கிழமை. முந்தின இரண்டு நாளும் மேற்கு மலையில் மழை, அணை நிறைந்திருந்தது. பள்ளத்தாக்கில் நல்ல வெயில். மதியத்துக்கு மேல் மதகைத் திறப்பதாக மேல் அறையில் அறிவித்திருந்தார்கள். காலை பத்தரை மணி வாக்கில் பியோ அண்ணன் போன் செய்தார். அவர் பேசியதை நினைவிலிருந்து அப்படியே சொல்கிறேன். அதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

"தம்பி, நாலாவது கம்பத்துக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல பைன் மரம் சாஞ்சு கம்பி அறுந்து கெடக்கு. அஞ்சுலேர்ந்து பத்து வரைக்கும் அத்தனையும் செத்துப்போச்சு. லேப்டாப்புல வரைபடத்தப் பாத்துட்டேன், மொத்தமே நாலு கம்பந்தான் இருக்கு."

"எவ்வளவு நேரமாகும்ணே?"

"மரத்த அறுத்துத் தள்ளணும், அப்புறந்தான் ஒட்டு. சாயங்காலம் ஆயிரும். இன்னைக்கு மதகு தெறக்குறாங்களா?"

"மத்தியானம்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப மேல சொல்லிரு, ஒட்டு முடியுற வரைக்கும் தெறக்க வேண்டாம்னு. ஒம்பதாவதுக்கிட்ட மால்-சுன் அக்கா எறங்கியிருக்கு. வலையும் கண்ணாடிப் பெட்டியுமா போறத நானே பாத்தேன். நான் கீழ போயி அக்காவ ஏத்தி விட்டுட்டு வரவா, இல்ல கம்பியப் பாக்கவா?"

"கம்பியப் பாருங்கண்ணே. மேல நான் சொல்லிர்றேன்."

"சொல்லிருவல்ல?"

"சொல்லிர்றேண்ணே."

"சரி. வேலை முடிஞ்சா அக்கா கடையில குளுந்த சோயா நூடுல்ஸ், உன் கணக்கு. ஐஸ்கட்டி மெதக்கணும், சொல்லிட்டேன்."

"வெயில்ல மரம் அறுக்குற மனுசனுக்கு ரெண்டு கிண்ணமா வாங்கித் தர்றேன்" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பேச்சு அதோடு முடிந்தது.

அதன் பிறகு நான் மேல் அறையில் எழுதினேன். எழுதியது இவ்வளவுதான்: 'ஓசொன் பள்ளத்தாக்கு: ஓரிடத்தில் கம்பிப் பழுது, ஆள் வேலையில் இருக்கிறார். வேறு கோளாறு இல்லை.' ஆறு கம்பம் என்று எழுதவில்லை. ஒன்பதாவது கம்பத்தருகே ஒரு பெண் ஆற்றுக்குள் இருக்கிறார் என்று எழுதவில்லை. மதகைத் திறக்க வேண்டாம் என்று எழுதவில்லை. ஏன் என்று கேட்கப்பட்டதற்கு: பயம் என்று சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும். அபராதத்துக்குப் பயந்தேன், பாங் ஜின்-குக் கத்துவார் என்று பயந்தேன் என்று சொல்லலாம். அந்த நேரத்தில் அதெல்லாம் மனதில் ஓடவே இல்லை. மற்ற இரண்டு பள்ளத்தாக்குக்கும் ஒரு வரி எழுதினேன், இதற்கும் ஒரு வரி எழுதினேன். கை பழகிப்போயிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைக்கிறோம் என்ற நினைப்புக்கூட இல்லாமல் மறைத்தேன். பாங் ஜின்-குக் அதற்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். நான் ஒரு காப்பி குடித்தேன்.

மதியம் ஒன்றரை மணிக்குப் பிறகு கட்டுப்பாட்டு அறையில் சைரன் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். திரையில் பச்சை. கீழே போன கட்டளைகளில் நாலு போய்ச் சேர்ந்தன, ஆறு எல்லைப் பெட்டியின் குழியில் விழுந்தன. சைரன் கத்தியதா என்று திருப்பிக் கேட்கும் ஏற்பாடு ஒன்றும் இல்லை. வழக்கமான இடைவெளி விட்டு மதகைத் திறந்தார்கள்.

பியோ அண்ணன் நாலாவது கம்பத்துக்குக் கீழே, அறுத்த மரத்தின் பக்கத்தில் இருந்தார். தலைக்கு மேலே நாலாவது கம்பம் ஊளையிட்டது. மேலே மூன்று கம்பங்களும் கத்துவது கேட்டது. கீழேயிருந்து ஒன்றும் வரவில்லை. எனக்குப் போன் செய்தார். அவர் ஓடிக்கொண்டே பேசினார், செருப்புச் சத்தம் கேட்டது.

"தம்பி, கீழ சத்தம் வரல! கீழ சத்தமே வரல! நீ சொன்னியா இல்லையா?"

"வெச்சிர்றேண்ணே, இப்ப சொல்றேன்" என்று வைத்துவிட்டுப் பாங் ஜின்-குக்குக்குப் போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பவும் செய்தேன். அதன் பிறகு மேல் அறையில், 'மதகை மூடுங்கள், ஆற்றில் ஆள் இருக்கிறது' என்று எழுதினேன். படிக்காதவர்கள் எத்தனை பேர் என்று செய்திக்குப் பக்கத்தில் ஒரு சிறிய எண் காட்டும். அந்த எண் ஏழில் நின்றது. மதகு திறக்கும் நேரத்தில் யாரும் போனைப் பார்ப்பதில்லை. நான் அந்த ஏழையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆறாக ஆனபோது எல்லாம் முடிந்துவிட்டது.

ஒன்பதாவது கம்பத்தில் நடந்தது நான் கண்ணால் கண்டதல்ல, அக்கரையில் கூடாரம் போட்டிருந்தவர்கள் சொன்னது. அவர்கள் தண்ணீரின் நிறம் மாறியதைப் பார்த்துத் தாங்களாகவே ஏறிவிட்டார்கள். மால்-சுன் சின்னம்மா நடு ஆற்றில் பாறைத் திட்டருகே, கண்ணாடிப் பெட்டிக்குள் முகத்தை வைத்துக் குனிந்திருந்தார். இவர்கள் கத்தியது அவர் காதில் விழவில்லை. பியோ அண்ணனின் லாரி ஹாரனை அடித்துக்கொண்டே இறங்கி வந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்து பள்ளத்தாக்கின் மேல் பக்கம் திரும்பி, கம்பத்தைப் பார்த்தாராம். தண்ணீரைப் பார்க்கவில்லை, கம்பத்தைத்தான் பார்த்தார் என்று ஒரு பெண் சொன்னாள். பியோ அண்ணன் மார்பளவு வரை இறங்கிவிட்டார். சாலைப் பக்கமிருந்து ஓடிவந்த இரண்டு பேர் சேர்ந்து அவருடைய இடுப்புவாரைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள். அவர் அவர்களைக் கடித்ததாகவும் சொன்னார்கள். உடல் மாலையில் சிமெண்டுப் பாலத்தின் தூணருகே கிடைத்தது. நத்தை வலை தோளிலேயே இருந்தது.

மறுநாள் காவல் நிலையத்திலிருந்து என்னிடம் கேட்டார்கள். பழுது பற்றிக் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை எதுவும் போகவில்லை, பியோ கி-தே உங்களிடம் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். 'காலையில் போன் செய்து ஓரிடத்தில் கம்பிப் பழுது என்றார். மதிய உணவு பற்றியும் பேசினார். நான் அதை மேலே தெரிவித்தேன்' என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். அதைப் படித்தால் என்ன தெரியும்? ஆறு கம்பம் செத்ததை மறைத்துவிட்டு நூடுல்ஸ் பற்றிப் பேசிய ஒரு பொறுப்பற்ற மனிதன் தெரிவான். தான் எல்லாவற்றையும் சொன்னதாக அவர் தலையில் அடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார். யார் நம்புவார்கள்? தொலைபேசிக் கணக்கில் பேசிய நேரம் இருக்கும், பேசிய வார்த்தை இருக்காது. அவர் சொன்னதற்கு உலகத்தில் ஒரே சாட்சி நான்தான்.

இறுதிச் சடங்கு மண்டபத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். எங்கள் முதலாளியும் வந்திருந்தார். செருப்பு கழற்றும் இடத்தில் என்னை ஓரமாக இழுத்துப்போய், "நீ குடுத்த வாக்குமூலம் நல்லாருக்கு. அப்படியே விட்டுரு. அவன் போனா ஒத்த ஆளு. நீ வாயத் தெறந்தா கம்பெனியே போயிரும், நாப்பது குடும்பம்" என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு உள்ளே போய்ப் படத்தின் முன் விழுந்து வணங்கினேன். சின்னம்மாவின் மகள் யூன்-சில் துக்க உடையில் பதில் வணக்கம் செய்தாள். காரமான மாட்டிறைச்சி சூப்பை என் முன்னால் வைத்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்தாள். "நீங்க அம்மா கடைக்கு நெறைய வருவீங்கல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள மூஞ்சிய வெச்சா ஒண்ணும் தெரியாது, ஆனா காது வெளியதான இருக்குன்னு எப்பவும் சொல்வாங்க. கடைசி வரைக்கும் காதக் குடுத்துட்டுத்தான் இருந்திருப்பாங்க, இல்ல?" என்றாள். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். என்னால் அந்த சூப்பைக் குடிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தருகே வண்டியை நிறுத்தி அழுதேன். என் மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது. மறுநாள் காலை இங்கே வந்தேன்.

பாங் ஜின்-குக் மீது உங்களுக்கு விரோதம் உண்டா என்று கேட்கப்பட்டதற்கு: கிடையாது. அவருடைய திரையில் பச்சைதான் இருந்தது, அவருடைய அறையில் என் வரிதான் இருந்தது. எல்லைப் பெட்டி மீதும் குற்றமில்லை, சொன்ன வேலையைச் செய்தது. அதற்கு ஒருவர் ஆற்றில் இருப்பது தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வித்தியாசம் ஒன்றுதான் இந்த வழக்கு.

இவ்வளவும் சொன்ன பிறகு, எழுதியதை அதிகாரி படித்துக் காட்டினார். பியோ கி-தே போனில் பேசிய இடத்தில், 'ஆறு கம்பங்கள் செயலிழந்த விவரத்தையும் ஆற்றில் நபர் ஒருவர் இருந்த விவரத்தையும் பியோ கி-தே சாட்சியிடம் தெரிவித்தார், சாட்சி அதை மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை' என்று இரண்டு வரி இருந்தது. அவர் பேசிய வார்த்தைகள் எங்கே என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதானேங்க? விசயம் வந்துருச்சுல்ல?" என்றார் அதிகாரி.

"ஒண்ணு இல்லைங்க" என்றேன்.

"நீதிபதிக்கு நேரமிருக்காதுங்க. இப்படி எழுதினாத்தான் படிப்பாரு."

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன்" என்றேன்.

அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, முதலிலிருந்து எழுதினார். பியோ அண்ணன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இப்போது மேலே இருக்கிறது. மால்-சுன் அக்கா ஒன்பதாவது கம்பத்தருகே இறங்கியிருக்கிறார் என்று அவர் சொன்னது இருக்கிறது. நான் போய் ஏற்றி விடவா என்று அவர் கேட்டது இருக்கிறது. கம்பியைப் பாருங்கள் என்று நான் சொன்னதும் இருக்கிறது.

மேலே எழுதியுள்ள அனைத்தையும் எனக்குப் படித்துக் காட்டினார்கள், நானும் என் கண்ணால் வாசித்தேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னது. எல்லாம் உண்மை. எதுவும் சுருக்கப்படவில்லை. ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே எதையும் எடுக்கவோ சேர்க்கவோ முடியாதபடி, இரண்டு தாள்களும் சேரும் விளிம்பில் என் பெருவிரல் ரேகையைப் பதித்திருக்கிறேன்.

(ஒப்பம்) நாம்குங் சொக்
வலது பெருவிரல் ரேகை

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) விசாரணை அதிகாரி, தாம்னே காவல் நிலையம்